லிஃப்டில் அந்தச் சின்னப் பெட்டி

குழு: சி பிளாக் வீட்டுக்காரர்கள்

ஞாயிறு

சுந்தரம் (செயலாளர்), காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். லிஃப்டில் ஒரு மாதிரி நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்ததால் நேற்று தானியங்கி ஸ்ப்ரே பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறோம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே அடிக்கும்.

ராஜி, 7:15
அருமை சார். கதவு திறந்ததுமே மனசு குளிர்ந்துவிட்டது 👏

விக்னேஷ், 7:20
👍👍

கோமதி, 7:41
சார், காலங்காலையில் குறை சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். நேற்று சாயங்காலத்திலிருந்து நான் நாலு மாடியும் படியில்தான் ஏறி இறங்குகிறேன். அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ராஜி, 7:43
அய்யோ, லேசான வாசனைதானே கோமதி?

கோமதி, 7:49
உங்களுக்கு லேசு அக்கா. எனக்கு இரண்டு மாடி தாண்டுவதற்குள் கண்ணுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்துவிடும். அரை மணியில் ஒற்றைத் தலைவலி. அதோடு அந்த நாள் போச்சு. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

விக்னேஷ், 7:52
அலர்ஜியா அக்கா? மாத்திரை இல்லையா?

கோமதி, 8:01
‘அலர்ஜி’ என்றால் உடனே நம்புகிறார்கள் என்பதால் நானும் வெளியில் அப்படித்தான் சொல்லிவைப்பேன். உண்மையில் எனக்குத் தோல் பரிசோதனையில் எதுவும் வரவில்லை. மூக்குக்கு மணம் அறிகிற நரம்பு ஒன்று, எரிச்சலை அறிகிற முக நரம்பு வேறொன்று. அமோனியா பாட்டிலைத் திறந்தால் சுருக்கென்று இருக்குமே, அது இரண்டாவது நரம்பின் வேலை. தலைவலியில் சம்பந்தப்பட்டதும் அதே நரம்புதான்.

தாமஸ், 8:04
கோமதி சொன்னதும்தான் பொறி தட்டுகிறது. நேற்று லிஃப்டிலிருந்து இறங்கியதும் என் மனைவி இன்ஹேலர் எடுத்தாள். மேகமூட்டமாக இருப்பதால் ஆஸ்துமா கிளம்பிவிட்டது என்று நினைத்தோம்.

ராஜி, 8:05
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

விக்னேஷ், 8:06
அக்கா, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டால்?

கோமதி, 8:09
அது தூசு, துகள்களைப் பிடிக்கும். வாசனை ஆவியாக வருவது, ஊடே புகுந்துவிடும். கார்பன் அடுக்கு வைத்த மாஸ்க் ஓரளவு தாங்கும். நானும் ஒன்று பையில் வைத்திருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டுக்கு ஏறிப் போவதற்கா?

ராஜி, 8:14
நீக்கியதையே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒருவருக்காக இத்தனை வீட்டுக்காரரும் நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? கெமிக்கல்தான் பிரச்சினை என்றால் எலுமிச்சை, லாவண்டர் என்று இயற்கை எண்ணெய் எதையாவது வைக்கலாமே.

நூர், 8:22
ராஜி அக்கா, தோல் பிரிவில் நர்ஸாக இருப்பதால் இதை மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்புகிறேன். எலுமிச்சைக்கு மணம் தருவது லிமோனீன், லாவண்டருக்கு லினலூல். இரண்டும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது தோல் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடிய பொருட்களாக மாறும். லிமோனீன் காற்றில் இருக்கிற ஓசோனோடு சேர்ந்தால் கண், மூக்கை எரிய வைக்கிற ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருட்களில் 26 வாசனைப் பொருட்களை லேபிளில் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்று விதி இருந்தது. இந்த இரண்டும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. 2023-இல் பட்டியலை 80-க்கு மேல் நீட்டிவிட்டார்கள். இயற்கையா செயற்கையா என்று நம் மூக்கு பார்ப்பதில்லை.

சுந்தரம் (செயலாளர்), 8:30
சரி, ‘அன்சென்டட்’ என்று போட்டது கிடைக்கிறதே, அதை வாங்கி மாட்டினால் யாருக்கும் பிரச்சினை இல்லையே?

ராஜி, 8:31
வாசனை இல்லாத வாசனை ஸ்ப்ரே எதற்கு சார் 😂

கோமதி, 8:36
😂😂 ஆனால் படிக்கட்டு துடைக்கிற திரவம் வாங்கும்போது இது உதவும் சார். ‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது, அவ்வளவுதான். மற்ற நாற்றத்தை மறைக்கவே உள்ளே வாசனைப் பொருள் கலந்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

தாமஸ், 8:40
அமெரிக்காவில் டெட்ராய்ட் நகராட்சி ஊழியர் ஒருவர், சக ஊழியர் போட்டு வந்த வாசனையால் மூச்சுவிட முடியவில்லை என்று வழக்கே போட்டார். 2010-இல் நகராட்சி 1,00,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

சுந்தரம் (செயலாளர்), 8:41
தாமஸ் சார், அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம். பெட்டியைக் கழற்றிவிடுகிறேன்.

ராஜி, 8:42
அப்போ நாற்றம்?

சுந்தரம் (செயலாளர்), 8:42
பார்க்கிறேன் அம்மா.

விக்னேஷ், 9:05
கோமதி அக்கா, ஒன்று கேட்கட்டுமா? வியாழக்கிழமை நான் லிஃப்டில் ஏறியதும் ‘போன் வருகிறது’ என்று சொல்லி இரண்டாவது மாடியிலேயே இறங்கிவிட்டீர்களே...

கோமதி, 9:17
போன் வரவில்லை, விக்னேஷ்.

விக்னேஷ், 9:17
😳

விக்னேஷ், 9:18
பாடி ஸ்ப்ரே இரண்டே அழுத்துதான் அக்கா. எனக்கே மணப்பதில்லை!

கோமதி, 9:29
அங்கேதான் சிக்கல். தொடர்ந்து அதே வாசனையில் இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். தினமும் போடுகிறவருக்கு இன்னும் சீக்கிரம். குறைந்துவிட்டது என்று இன்னொரு அழுத்து போடுவார். பக்கத்தில் இருப்பவருக்கு முதல் அழுத்தே அப்படியே இருக்கும். அதனால் எனக்கு உன் மேல் கோபமே இல்லை. சொல்லத்தான் கூச்சம். பேருந்தில் ஜன்னல் ஓரம், டாக்டர் அறைக்கு வெளியே கதவுப் பக்கம், தியேட்டரில் கடைசி இருக்கை என்று இடம் பார்த்து உட்காருவேன். அங்கேயும் யாராவது மணக்க மணக்க வந்து உட்கார்ந்தால் இல்லாத போன் ஒன்று வந்துவிடும். ஒருமுறை நேராகச் சொல்லிப் பார்த்தேன். ‘நான் நாறுகிறேன் என்கிறீர்களா’ என்று அந்த அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

ராஜி, 9:34
நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

ராஜி, 9:35
ஆனால் நீ படியேறுவது எனக்குத் தெரியாது கோமதி. முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சுந்தரம் (செயலாளர்), மாலை 5:50
பெட்டியைக் கழற்றியாயிற்று. லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்துக் கீழே குழியைத் திறந்து பார்த்தோம். ஒரு சாண் தண்ணீர், அதில் ஊறிய பழைய மாப் துணி! நாற்றம் அங்கிருந்துதான். தண்ணீரை இறைத்தாயிற்று.

ராஜி, 5:52
சேச்சே! இதன் மேலா இரண்டு நாளாக சென்ட் அடித்துக்கொண்டிருந்தோம்?

கோமதி, 5:58
ரொம்ப நன்றி சார். உள்சுவரில் வாசனை ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடட்டும்.

விக்னேஷ், இரவு 9:10
அக்கா, நாளை 8:30-க்கு பாடி ஸ்ப்ரே இல்லாமல் லிஃப்டில் வருகிறேன். இறங்காமல் நாலாவது மாடி வரை வர வேண்டும்!

கோமதி, 9:12
வருகிறேன். சட்டையை அலசும்போது கம்ஃபர்ட் ஏதாவது ஊற்றுவீர்களா?

விக்னேஷ், 9:12
அதுவுமா???