குளிர் ரூம்ல சுவரு வேர்க்குது, பூஞ்சை திரும்பத் திரும்ப வருது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெட்ரூம் வீட்டோட ஓரத்துல இருக்கு, ரெண்டு பக்கமும் வெளிச்சுவர், வெயில் எட்டிக்கூடப் பாக்காது. குளிர்காலம் வந்தா காலைல ஜன்னல் கண்ணாடி முழுக்க தண்ணி கோத்து வழிஞ்சு கீழ சட்டம் ஊறிப்போகுது. பீரோவுக்குப் பின்னாடி மூலைல கறுப்புக் கறுப்பா புள்ளி, துடைச்சாலும் கொஞ்ச நாள்ல அதே இடத்துல வந்துடுது, துணியெல்லாம் மக்குன வாசம். ராத்திரி ரூம் சூடாகட்டும்னு ஹால் கதவத் திறந்து வைக்கிறோம். பூஞ்சை புடிக்காத பெயின்ட் அடிச்சா போயிடுமா? குழந்தை அங்கதான் தூங்குது, அதான் கவலை.

பதில் 1:
மொதல்ல ராத்திரி அந்த ஹால் கதவ மூடுங்க. சமையல், குளியல், காயப்போட்ட துணினு வீட்டு ஈரம் மொத்தமும் ஹால் காத்துலதான் இருக்கு. 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள காத்து, 12 டிகிரி அளவுக்கோ அதுக்குக் கீழயோ இருக்குற சுவத்துல பட்டா தண்ணியா மாறிடும், உங்க மூலை சுவரு அதவிட ஜில்லுனு இருக்கும். அந்த ரூமுக்குள்ளயே ஒரு கரண்ட் ஹீட்டர் வெச்சு குறைச்சலா ஆனா விடாம ஓட்டுங்க, சுவரு சூடாகணும், அதான் முக்கியம். மண்ணெண்ண, கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம், புகைபோக்கி இல்லாம ஒரு லிட்டர் மண்ணெண்ண எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா ரூம்லயே நிக்கும், விஷவாயு ஆபத்து வேற.
பீரோவ சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, முடிஞ்சா உள்சுவர் பக்கம் மாத்திடுங்க. தண்ணி சொட்டினாத்தான் பூஞ்சை வரும்னு இல்ல, சுவத்த ஒட்டின காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல நாள் கணக்கா நின்னாலே போதும்.

பதில் 2:
அதுக்கு முன்னாடி இது ஓதமானு பாத்துடுங்க சகோ. அந்த இடத்த நல்லாத் துடைச்சுக் காயவெச்சு, அலுமினியம் ஃபாயில நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்க. வெளிப்பக்கம் ஈரம்னா ரூம் காத்தோட ஈரம், சுவத்த ஒட்டின பக்கம் ஈரம்னா சுவரே ஓதம் இழுக்குது, பைப்போ மழைத்தண்ணியோ எங்கயோ கசியுது. அப்படின்னா ஹீட்டர், ஜன்னல்னு எது பண்ணாலும் தீராது, கசிவ அடைச்சாகணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வெளியிலயும் ஈரக் காத்துதான், ஜன்னலத் திறந்தா இன்னும் மோசமாகாதா? காத்துல இருக்குற ஈரத்த இழுக்குற மெஷின், டீஹியூமிடிஃபையர், அத வாங்கலாமா?

பதில் 1:
ஆகாது. வெளில 5 டிகிரில 90 சதவீதம் ஈரப்பதம் இருந்தாலும், அதே காத்து உள்ள வந்து 18 டிகிரிக்குச் சூடானா 40 சதவீதம்தான் காட்டும், குளிர் காத்தால அவ்வளவு தண்ணி தாங்க முடியாது. காலைல எந்திரிச்சதும் 5, 10 நிமிஷம் ஜன்னல முழுசாத் திறந்துட்டு மூடிடுங்க, நாள் பூரா லேசாத் திறந்து வெச்சா சுவரு இன்னும் ஜில்லுனு ஆயிடும். கண்ணாடித் தண்ணிய ஒத்தி எடுத்து அந்தத் துணிய வெளில பிழியுங்க. டீஹியூமிடிஃபையர்ல சாதாரண கம்ப்ரஸர் டைப் 15 டிகிரிக்குக் கீழ சரியா இழுக்காது, குளிர் ரூமுக்கு டெசிகன்ட் டைப், அதாவது ஈரம் உறிஞ்சுற பொருள் வெச்சு வேலை செய்யுறது, கேட்டு வாங்குங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணும் வாங்கிடுங்க, 60க்குக் கீழயே இருக்கணும்.

பதில் 3:
பெயின்ட் பத்தி யாரும் சொல்லல. உயிரோட இருக்குற பூஞ்சை மேல எந்த பெயின்ட் அடிச்சாலும் உரிஞ்சுக்கிட்டு வெளில வரும், சுத்தம் பண்ணி முழுசாக் காஞ்சப்புறம்தான் அடிக்கணும். காஞ்ச பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, பூஞ்சையோட விதைத் தூள் வீடு பூரா பறக்கும். மாஸ்க், கிளவுஸ் போட்டு, கதவ மூடி ஜன்னலத் திறந்து, சோப்புத் தண்ணில நனைச்ச துணியால துடைச்சு அந்தத் துணியத் தூக்கிப் போட்டுடுங்க. பிளீச் போட்டா அதோட வினிகரோ அம்மோனியா உள்ள கிளீனரோ கலந்துடவே கூடாது, விஷவாயு வரும். சுவரு சரியாகுற வரைக்கும் குழந்தைய வேற ரூம்ல படுக்க வைங்க, ப்ளீஸ்.