கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட இடம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்க விமான நிலையப் பார்க்கிங்கில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கட்டத்தை ஒட்டி, சாய்கோடு போட்டு ஒரு துண்டு இடம் விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஆக்சஸ் ஐல்’. தமிழ்க் கையேட்டில் ‘அணுகல் இடைவழி’ என்று எழுதிவிடலாமா?

———

வேண்டாம் ஐயா. இடைவழி என்றால் நடந்து கடப்பதற்கு. விமானத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே இருப்பது. இங்கே கடந்து போவது கடைசி வேலை. முதலில் கார்க் கதவை முழுக்கத் திறக்க வேண்டும். டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து, இருக்கையை ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, ஆள் மாறி உட்கார்ந்து, பிறகு நாற்காலியைத் திருப்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்கான அமெரிக்காவின் 2010 ஏ.டி.ஏ. (ADA) தரநிலைப்படி இதற்குக் குறைந்தது 1525 மி.மீ. அகலம், நாற்காலி ஒரு சுற்றுத் திரும்பும் வட்டத்தின் விட்டமும் அதே 1525தான். சாய்பலகை இறக்கும் வேனுக்குக் கட்டத்தின் அகலம் 3350 மி.மீ., அல்லது கட்டமும் இந்த இடமும் தலா 2440.

ஆகவே ‘ஏறிறங்கு வெளி’. ‘இறங்குதளம்’ என்று சுருக்கிவிடாதீர்கள், ஹெலிகாப்டர் வந்து நிற்கும்.

———

> ஏறிறங்கு வெளி

‘ஏறிறங்கு’ சரி, ‘வெளி’தான் இடிக்கிறது. வெளி என்றாலே காலியிடம் என்று காதில் விழும், சிக்கலே அதில்தான். சும்மாதானே கிடக்கிறது என்று பைக்கை விடுவார்கள், டிராலிகளைத் தள்ளிவிடுவார்கள். கடைவாசல் என்றால் பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார். இங்கே ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் பக்கத்து வண்டி கோட்டின் மேல் நிற்கும்; அதன் சொந்தக்காரர் வர ஒரு வாரம் ஆகலாம். கதவைத் திறக்க முடியாது.

‘மேடை’யும் ஆகாது, உயர்த்திக் கட்டச் சொன்னதுபோல் ஆகிவிடும். கட்டத்தோடு ஒரே மட்டம், எந்தத் திசையிலும் 48-க்கு 1-க்கு மேல் சரிவு கூடாது. மீறினால் ஆள் மாறும் நேரத்தில் நாற்காலி நழுவும். நடைபாதைக்கு ஏறும் சாய்தளம் இதற்குள் நீட்டிக்கொண்டிருப்பதும் தவறு, வரைபடத்தில் பலர் கோட்டைவிடுவது இதைத்தான்.

‘ஏறிறங்கு பட்டை’ எப்படி? அடித்த பெயின்ட்டும் நினைவுக்கு வரும், கட்டத்தின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்பதும் வரும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒன்றே போதும் என்ற இடத்தில் ‘பொதுப்பட்டை’.

———

பட்டைக்கே என் ஓட்டும். (பட்டை நாமம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.) ஒற்றுப் போட்டு ‘ஏறிறங்குப் பட்டை’ ஆக்கிவிட வேண்டாம், வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி.

கையேட்டில் படத்துக்குக் கீழே: ‘ஏறிறங்கு பட்டை. இங்கே வண்டியோ பெட்டியோ வைக்காதீர்கள்.’ கையேட்டில் வேன் கட்டத்தைச் சொல்லும் பக்கத்திலேயே, தலைக்கு மேல் 2490 மி.மீ. உயரம் வரை தடை இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுக்குப் பார்க்கிங்கின் வாசல் கம்பியில் வேன் தலை தட்டினால் பட்டை வரை போகவே முடியாது.