ஆண்ட்ராய்டு இருக்கிற ஊர்ல புது ஓஎஸ் நிக்குமா?

மூணாம்_வருஷம் கேட்டது:
வணக்கம். இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். போன வாரம் காலேஜ் செமினார்ல பார்ஓஎஸ்ங்கிற ஓஎஸ் (போனை இயக்குற அடிப்படை மென்பொருள்) பத்திப் பேச்சு வந்துச்சு. 2023 ஜனவரியில சென்னை ஐஐடி பக்கத்துல இருந்து வந்ததே, அதுதான். "நல்லா பண்ணிட்டா ஜனங்க தானா மாறிடுவாங்க"ன்னு சார் சொன்னார். பக்கத்துல இருந்த நண்பன் சிரிச்சுட்டான். இதையே ப்ராஜெக்டா எடுக்கலாமான்னு ஒரு யோசனை. போன் வித்தவங்க, ஆப் எழுதினவங்க சொல்லுங்களேன்.

பஸ்ஸ்டாண்டு_மொபைல்ஸ்:
தம்பி, 2009-ல இருந்து விழுப்புரம் பக்கம் கடை வெச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல "இதுல என்ன ஓஎஸ்"னு கேட்டு வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ரெண்டு பேர் பக்கத்துக் கடைக்காரங்க, விலை விசாரிக்க வந்தவங்க.

நோக்கியாவோட லூமியா 520 ஞாபகம் இருக்கா, மைக்ரோசாப்டோட விண்டோஸ் ஓஎஸ்ல ஓடினது? 2013. ராம் வெறும் 512 எம்பி, ஆனா விரல் வெச்ச இடத்துல ஓடும். அதே விலை ஆண்ட்ராய்டு எல்லாம் அப்ப மூச்சு வாங்கும். மஞ்சள் பின்மூடி போட்ட டெமோ பீஸைக் கையில குடுத்தாப் போதும், காலேஜ் பசங்க கீழே வைக்க மாட்டாங்க. "நல்லா பண்ணிட்டா"ங்கிற உங்க சாரோட கணக்குப்படி அது ஜெயிச்சிருக்கணும். ஆனா கூகுள் அதுக்கு ஒழுங்கா ஒரு யூடியூப் ஆப் போட்டுத் தரல. மைக்ரோசாப்டே ஒண்ணு எழுதி மே மாசம் விட்டுச்சு. விளம்பரம் வரலை, வீடியோ டவுன்லோட் ஆகுதுன்னு சொல்லி கூகுள் எடுக்கச் சொன்னாங்க. ஆகஸ்டுல திருத்தி மறுபடி விட்டாங்க, மறுபடி அடைச்சுட்டாங்க. மைக்ரோசாப்ட் மாதிரி பணக்காரனுக்கே இந்தக் கதி. நோக்கியா போன் பிரிவை வாங்கின கணக்குல 2015-ல 7.6 பில்லியன் டாலரை நஷ்டம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

எங்க சொந்தக் கதை ஒண்ணு. நடுவுல ஒரு கம்பெனி புது ஓஎஸ்ல போன் கொண்டு வந்தான். பேர் வேணாம். விலை ரொம்பக் கம்மி, டிஸ்ட்ரிபியூட்டர் பேச்சை நம்பிப் பத்து பீஸ் இறக்கினேன். முதல் பீஸ் ஒரு அம்மா வாங்கினாங்க, பையன் துபாய்ல. மூணாம் நாள் பெட்டியோட வந்து நின்னாங்க: "பக்கத்து வீட்டுல எல்லாம் பேரன் போட்டோ வருது, எனக்கு மட்டும் வரமாட்டேங்குதே தம்பி." வாட்ஸ்அப் அதுல கிடையாது. என்னத்தச் சொல்ல, காசைத் திருப்பிக் குடுத்தேன். மீதி பெட்டி மேல "வாட்ஸ்அப் வராது"ன்னு பேனாவுல எழுதியே வித்தேன். ஒண்ணை எங்கப்பா எஃப்எம் கேட்க வெச்சுக்கிட்டாரு.

ஆனா ஜியோபோன் ஓடுச்சு. 2017-ல டெபாசிட் 1,500 ரூபாய். உள்ளே இருந்தது கய்ஓஎஸ், அதாவது பயர்பாக்ஸ் பிரவுசர் செய்யற மோசில்லா கைகழுவிட்ட பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸோட மிச்சம்தான். அதை யாரும் ஓஎஸ்ஸுக்காக வாங்கலை, கால் ஃப்ரீங்கிறதுக்காக வாங்கினாங்க. 2018 செப்டம்பர்ல வாட்ஸ்அப்பும் வந்துடுச்சு. விண்டோஸுக்கு யூடியூப் தராத அதே கூகுள், அந்த வருஷம் கய்ஓஎஸ்ல 22 மில்லியன் டாலர் போட்டாங்க. கூட்டம் எங்கேயோ ஆப் அங்கே வரும். ஆப் இருந்தாத்தான் கூட்டம் வரும்ங்கிறதும் நிஜம். இந்த முடிச்சை யார் அவிழ்க்கிறாங்களோ அவங்கதான் நிப்பாங்க.

கோடு_மாமா:
அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. இப்ப வாட்ஸ்அப்பை விடப் பெரிய சுவர் பேங்க் ஆப். போன் கூகுள் சான்று வாங்கினதுதானா, சிஸ்டத்துல யாராவது கை வெச்சிருக்காங்களான்னு பல ஆப் உள்ளே நுழையும்போதே பார்க்குது. பார்ஓஎஸ் ஆண்ட்ராய்டோட திறந்த மூலத்துல (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு விட்ட கோடுல) கட்டினதுதான், ஆனா அது மட்டும் அந்தச் சான்றைத் தந்துடாது. டீக்கடையில ஸ்கேன் பண்ண முடியாத போனை யார் வாங்குவா?

சீனாவோட ஹுவாவே கம்பெனி வேற கதை. 2019 மே மாசம் அமெரிக்கா தடைப் பட்டியல்ல போட்டதும் சொந்த ஓஎஸ்ஸான ஹார்மனியைக் கையில எடுத்தாங்க. 2024 அக்டோபர்ல வந்த பதிப்புல ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடாது. சீனாவுல கூகுள் ஏற்கெனவே இல்லாததால தாங்குச்சு. மெசேஜுக்கு வீசாட்டும் பணம் கட்ட அலிபேயும் வந்துட்டா அங்க பொழப்பு ஓடிடும்.

நெல்லை_நெட்டு:
எல்லாம் சரி, ஆனா 2022-ல நம்ம போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டை வெச்சு மத்தவங்களை அமுக்கினதுக்காக கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டதே? இனிமே கதவு திறந்திருக்கே. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா பேக்டரியே விண்டோஸை நம்பித்தான் மூடுச்சு, அது மாதிரி இனி ஆகாது.

பஸ்ஸ்டாண்டு_மொபைல்ஸ்:
@நெல்லை_நெட்டு அது தப்பு தம்பி. அங்க பெரும்பாலும் பட்டன் போன்தான் செஞ்சாங்க. வரித் தகராறுல சொத்து முடங்கிக் கிடந்ததால மைக்ரோசாப்ட் வாங்கினப்ப அந்த பேக்டரி மட்டும் கைமாறலை. 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. விண்டோஸ் மேல வேற ஆயிரம் குத்தம் இருக்கு, இது அதுல சேராது. அபராதம் நல்லதுதான். ஆனா என் கவுண்டர்ல நிக்கிற ஆளுக்கு அந்தக் கதவு எதுவும் தெரியாது, பழைய போன்ல இருந்த ஆப் எல்லாம் புதுசுல வரணும், அவ்வளவுதான்.

மூணாம்_வருஷம்:
நன்றிண்ணே. அப்போ முழு ஓஎஸ் வேணாம். ரகசியம் காக்க வேண்டிய ஆபீஸ்ல நாலே ஆப் மட்டும் ஓடுற போன், அப்படி ஒண்ணு செஞ்சு பார்க்கலாமா? பார்ஓஎஸ்ஸும் முதல்ல அந்த மாதிரி இடத்தைத்தானே குறி வெச்சாங்க. வாங்கித் தர்ற ஆபீஸே ஆப்பையும் முடிவு பண்ணிடும்.

பஸ்ஸ்டாண்டு_மொபைல்ஸ்:
அது சரியான ரூட்டு. பிரிச்சு நோண்டிப் பார்க்க போன் வேணும்னா சொல்லு. அந்தப் பத்துல ஒண்ணு இன்னும் சீல் உடைக்காம மேல் ரேக்குல கிடக்கு. கூரியர் காசு மட்டும் நீ குடுத்துடு.