ஏற்காட்டில் லென்ஸுக்குப் பூஞ்சை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மழைக்காலத்தில் இங்கே துணியே காயாது, லென்ஸ் எம்மாத்திரம்? என் கேமராவின் 50 எம்.எம். லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இழைகள். விட்டால் கண்ணாடிமேல் உள்ள பூச்சையே அரித்துவிடும் என்பதால் அதைத் தனியாக வைத்துவிட்டேன்.

மற்றவை காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நின்றால் போதும். ஆனால் ஜெல் சீக்கிரமே நிறம் மாறிவிடுகிறது, சூடுபடுத்திக் காயவைத்து மாளவில்லை.

டிரை கேபினட் (கரண்டில் ஓடி, உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) வாங்கலாமா? கரண்ட் போனால் உள்ளே எவ்வளவு நேரம் தாங்கும்? மலையில் வைத்திருப்பவர்கள் சொன்னால் நல்லது, சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது.

அப்புறம், சேலத்தில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் யாராவது உண்டா? ஐந்து ரோடோ செவ்வாய்ப்பேட்டையோ, இறங்கி வருகிறேன். கூரியரில் அனுப்ப மட்டும் மனசு வரவில்லை.