இழை: ‘நியூட்ரியன்ட் சென்சிங்’ தமிழில் எப்படி?

வணக்கம் நண்பர்களே,

ஈஸ்ட் செல் பற்றிய ஓர் இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நியூட்ரியன்ட் சென்சிங், சிக்னலிங் பாத்வே, டிரான்செப்டர் என்று மூன்று சொற்களில் நிற்கிறேன். முதல் இரண்டுக்கும் ‘ஊட்டச்சத்து உணர்தல்’, ‘சமிக்ஞை வழித்தடம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ‘உணர்தல்’ எனக்கே ஒட்டவில்லை. குளுக்கோஸ் வந்து சவ்விலுள்ள புரதத்தில் பொருந்துகிறது, புரதத்தின் வடிவம் மாறுகிறது, உள்ளே அடுத்த புரதம் தூண்டப்படுகிறது. இதில் உணர்வு எங்கே இருக்கிறது? ‘ஈஸ்ட் பசியை உணர்கிறது’ என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

———

அன்புள்ள தம்பிக்கு,

சொல் நம்மிடமே இருக்கிறது. மரபியல் என்ற இயலில் தொல்காப்பியர் ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்கிறார். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வைத்தவர் அவர். மனத்தை ஆறாம் அறிவாகத் தனியே பிரித்தவரும் அவர்தான். ஆகவே மனம் கலவாத அறிதலுக்கு ‘உற்றறிதல்’ அப்படியே பொருந்தும். உறு என்றால் சேர், பொருந்து, தொடு. உறவு, உற்றார், உறுத்தல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்ற குறளில் தொடுபுலனுக்கு ‘ஊறு’ என்றே பெயர். குளுக்கோஸ் புரதத்தில் உறுகிறது, செல் அறிகிறது. ஊட்ட உற்றறிகை என்றே எழுதுங்கள், அந்தப் புரதத்துக்கு ‘உற்றறி’. அப்புறம் சமிக்ஞை வேண்டாம், குறிகை இருக்கிறது.

———

ஐயா, வணக்கம். குறிகைக்கு நானும் கை தூக்குகிறேன். ‘உற்றறி’யில்தான் இரண்டு தடைகள்.

வகுப்பில் ‘ஊறு’ என்றால் பிள்ளைகளுக்குத் தீங்கு என்றுதான் தெரியும். ‘உற்றறி’யையும் ‘உற்று நோக்கி அறி’ என்றே படிப்பார்கள்.

இரண்டாவது தடை உயிரியல் சார்ந்தது. ஈஸ்ட்டின் ஜிபிஆர்1 புரதம் குளுக்கோஸையும் சுக்ரோஸையும் கண்டுகொண்டு சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு வழியாகப் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியைத் தூண்டுகிறது. அது ஜி-புரதம் இணைந்த ஏற்பி வகை. நம் நாக்கின் இனிப்பு ஏற்பியும் அதே வகைதான். தொல்காப்பியர் கணக்கில் அது ‘அதனொடு நாவே’, இரண்டாம் அறிவு! அமினோ அமிலம் குறையும்போது ஜிசிஎன்2 என்ற புரதம் செய்வது இன்னும் வேறு. அது அமினோ அமிலத்தைத் தொடுவதே இல்லை, அமினோ அமிலத்தைச் சுமக்க வேண்டிய டிஆர்என்ஏ அது ஏறாமல் வெற்றாக இருக்கும்போது அதைப் பிடித்துப் பஞ்சத்தை அறிகிறது. இல்லாத ஒன்று எப்படி உறும்?

———

அம்மா சொன்ன ஜிசிஎன்2 நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் அங்கே வெற்று டிஆர்என்ஏ உறுகிறதே? உற்றறிதல் நிற்கும் என்றே எனக்குப் படுகிறது.

டிரான்செப்டரை எல்லோரும் மறந்துவிட்டோம். அமோனியத்துக்கு எம்இபி2, அமினோ அமிலங்களுக்கு ஜிஏபி1. இரண்டும் சத்தை உள்ளே கடத்துகின்றன, சத்து வந்த செய்தியையும் சொல்கின்றன. கடத்தியும் ஏற்பியும் சேர்ந்து ‘கடத்தேற்பி’. சர்க்கரைக் கடத்திகளின் குடும்பச் சாயலில் இருந்தும் கடத்தவே கடத்தாத இரண்டு உண்டு, எஸ்என்எஃப்3, ஆர்ஜிடி2. சர்க்கரை குறைவாக இருக்கும்போது முன்னது, மிகுதியாக இருக்கும்போது பின்னது. இவற்றைக் ‘கடத்தாக் கடத்தி’ எனலாம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அழகாக உட்கார்ந்துவிடும்.

ஈஸ்ட்டை ‘மதுவம்’ என்று மாற்றக் கூடாதா? ‘டார்’ (டார்கெட் ஆஃப் ராபமைசின்) புரதத்தையும் ‘ராபமைசின் இலக்கு’ என்று விரித்து எழுதலாமே?

———

டாரைத் தொட வேண்டாம் நண்பரே. ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து அந்த மருந்து வந்தது, தீவின் பெயர் ராப்பா நூயி, அதனால் ராபமைசின். அது எதைத் தாக்குகிறது என்று தேடித்தான் 1991இல் ஈஸ்ட்டில் டார் மரபணுக்களைக் கண்டார்கள். சத்து இருக்கும்போது செல்லை வளரச் சொல்லும் புரதத்துக்கு, அதைத் தடுக்கும் மருந்தின் பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்த்தால் மாணவர் மருந்துக்கு இலக்காவதுதான் அதன் வேலை என்று நினைப்பார். ஈஸ்ட்டும் ஈஸ்ட்டாகவே இருக்கட்டும், பொட்டலத்திலேயே அந்தப் பெயர்தான் இருக்கிறது.

———

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லை. யாரும் மறுக்காததால் ‘குறிகை வழித்தடம்’, ‘கடத்தேற்பி’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் சொல்லுக்கு ‘ஊட்டச்சத்து அறிகை’ என்று போட்டு அனுப்புகிறேன். உணர்தலும் இல்லை, ஊறும் இல்லை.

———

தம்பி, அறிகையை உளவியலார் காக்னிஷனுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மனம் வேண்டாமென்று உணர்தலை விட்டீர்கள், இப்போது மனம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதே! இயலில் அச்சொல் முதன்முதலாக வரும் இடத்தில் மட்டுமாவது, அடைப்புக்குறிக்குள் ‘உற்றறிதல்’ என்று ஒருமுறை எழுதுங்கள்.