லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் உண்மையிலேயே கட்சி சாராததா?

கிளிமூக்கு:
நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுத்து வெளியே வந்தால் வாசலில் ஒரு மேசை, இரண்டு வயதான அம்மாக்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கொடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்கள். எந்தக் கட்சி என்று கேட்டேன். கட்சி இல்லை, லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் (பெண் வாக்காளர் கழகம்) என்றார்கள். சரி, நாமும் சேர்ந்து வேலை செய்யலாமே என்று தோன்றியது. ஆனால் அலுவலக நண்பர் ஒருவர், "அவர்கள் முகமூடி போட்ட டெமாக்ரட்டுகள் (ஜனநாயகக் கட்சிக்காரர்கள்)" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் ஆண் என்பதால் சேர்க்கவே மாட்டார்களோ?

கரிசல்காடு:
நண்பர் சொன்னதுதான் சரி. கருக்கலைப்பு உரிமை, துப்பாக்கிக் கட்டுப்பாடு, காலநிலை என்று எதை எடுத்தாலும் அவர்களுடைய நிலைப்பாடு ஒரே பக்கம்தான் விழும். வேட்பாளர் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகிவிடுமா? மாப்பிள்ளை பெயரைச் சொல்லாமல் அவர் மீசை, நடை, உத்தியோகம் எல்லாவற்றையும் வர்ணிக்கிற கதை.

தறிநாடா:
கிளிமூக்கு, 1973-இலிருந்து ஆண்களையும் முழு உறுப்பினராகச் சேர்க்கிறார்கள். கவலை வேண்டாம்.

கரிசல்காடு அண்ணா, நீங்கள் 'கட்சி சாராமை'யையும் 'கருத்து இல்லாமை'யையும் ஒன்றாக்குகிறீர்கள். லீக் தொடங்கியது 1920 பிப்ரவரி 14, சிகாகோவில். பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்பின் 19-வது திருத்தத்துக்கு டென்னசி ஒப்புதல் கொடுத்து அது நிறைவேறியதே அந்த ஆகஸ்டில்தான். அதாவது கதவு திறக்கும் முன்பே, உள்ளே போய் என்ன செய்வது என்று பாடம் எடுக்கத் தயாராகிவிட்டார்கள். தொடங்கியவர் பெண்கள் வாக்குரிமை இயக்கத் தலைவி கேரி சாப்மன் கேட், முதல் தலைவர் மாட் வுட் பார்க். பெண்களுக்குத் தனிக் கட்சி வேண்டாம், இருக்கிற கட்சிகளுக்குள் போங்கள் என்றுதான் கேட் சொன்னார். அமைப்பு மட்டும் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிக்காது, எதிர்க்காது. சட்டங்கள் விஷயத்தில் சும்மா இருப்போம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மறு ஆண்டே தாய்-சேய் நலத்துக்கான ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்துக்காக மற்ற பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) துளைத்தெடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர் அதிபர் ஹார்டிங். அவர் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் (குடியரசுக் கட்சி)!

செம்பருத்தி:
நூறு வருடப் பெருமை பேசுகிறோம் என்றால் நூறு வருடக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெண்கள் வாக்குரிமையால் வெள்ளையர் மேலாதிக்கம் வலுப்படுமே தவிரக் குறையாது என்று வாதாடியவர் இதே கேட். தெற்கத்திய மாநிலங்களின் ஓட்டுக்காகப் பேசியது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எதற்காகப் பேசியிருந்தால் என்ன? அந்த மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு 1920-க்குப் பிறகும் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வழிமறித்தார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பெரும்பாலானவர்களுக்கு அந்தத் திருத்தம் வெறும் காகிதம். உயிரைப் பணயம் வைத்து மற்றவர்கள் வாக்காளர்களைப் பதிவு செய்தபோது லீக் ஓரமாகத்தான் நின்றது. பாகுபாட்டுக்கு எதிரான அவர்களுடைய முதல் நிலைப்பாடு 1966-இல்தான் வந்தது. 2018-இல் அவர்களே இதை எழுதி ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே நெருக்கமான விஷயம். வெளிநாட்டவரை மணந்தால் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை போய்விடும் என்ற விதியை மாற்றிய 1922 கேபிள் சட்டத்தை லீக்கின் வெற்றி என்பார்கள். ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கியவரை மணந்தால் பழைய கதைதான். அடுத்த ஆண்டே பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் குடியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தியர்கள் அந்தப் பட்டியலில் வந்துவிட்டார்கள். இந்தியரைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண்களின் குடியுரிமை போனது. 1931-இல்தான் அதைச் சரிசெய்தார்கள்.

தறிநாடா:
அக்கா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. திண்ட் வழக்கு தெரியும், அதை இதோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆனால் 'முகமூடி' குற்றச்சாட்டு வேறு. அதிபர் வேட்பாளர் விவாதங்களை 1976, 1980, 1984 மூன்று தேர்தலிலும் நடத்தியது லீக். (1976-இல் பிலடெல்பியாவில் ஒலி போய்விட்டது. ஃபோர்டும் கார்ட்டரும் 27 நிமிடம் மேடையில் மரம் மாதிரி நின்றார்கள். உட்காரக்கூட இல்லை.) 1980-இல் சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சனையும் அழைத்தார்கள். அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்றார் அதிபர் கார்ட்டர். லீக் வளைந்து கொடுக்கவில்லை. பால்டிமோரில் ரிபப்ளிகன் வேட்பாளர் ரீகனையும் ஆண்டர்சனையும் வைத்தே நடத்திவிட்டது. டெமாக்ரட் முகமூடி என்றால், பதவியில் இருக்கும் டெமாக்ரட் அதிபருக்கு இப்படிச் செய்வார்களா?

1988 இன்னும் சுவாரசியம். கேள்வி கேட்பவர்கள் யார், அரங்கில் யார் உட்காரலாம், பத்திரிகையாளர்களுக்கு எவ்வளவு இடம் என்பதையெல்லாம் ரிபப்ளிகன் வேட்பாளர் புஷ் அணியும் டெமாக்ரட் வேட்பாளர் டுகாகிஸ் அணியும் தங்களுக்குள் பேசி முடித்து ஒப்பந்தத்தை நீட்டின. வாக்காளர்களை ஏமாற்றும் வேலைக்குத் துணைபோக மாட்டோம் என்று அக்டோபர் 3 அன்று லீக் விலகிவிட்டது. இரு கட்சித் தலைவர்களும் சேர்ந்து முந்தைய ஆண்டே அமைத்திருந்த ஆணையம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

கரிசல்காடு:
1988 நல்ல கதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அந்தக் காலம். பென்சில்வேனியாவில் ரிபப்ளிகன்கள் தங்களுக்குச் சாதகமாக வரைந்த காங்கிரஸ் தொகுதி வரைபடத்தை எதிர்த்து வழக்குப் போட்டது இதே லீக். 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தை ரத்து செய்தது. அந்த நீதிபதிகளும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், பெரும்பான்மை டெமாக்ரட். லாபம் யாருக்கு?

தறிநாடா:
பழைய வரைபடத்தில் 18 இடத்தில் 13 ரிபப்ளிகன்களுக்கு. 2012, 2014, 2016 மூன்று முறையும் அதே 13. 2012-இல் மாநிலம் முழுக்க டெமாக்ரட்டுகளுக்குத்தான் அதிக வாக்கு! புதிய வரைபடத்தில் ஒன்பதுக்கு ஒன்பது ஆனது. இல்லினாயில் 2011-இல் டெமாக்ரட்டுகள் வரைந்த வரைபடத்தை எதிர்த்தும் லீக் நீதிமன்றம் போனது. அங்கே தோற்றுப்போனதால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கரிசல்காடு:
இல்லினாய் எனக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் துப்பாக்கி விஷயத்தில் அவர்களோடு ஒத்துப்போகாத ரிபப்ளிகன் பெண் அந்த மேசையில் வந்து உட்காருவாளா, சொல்லுங்கள். உட்காரமாட்டாள். வரவர ஒரே மாதிரி ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். என் கவலை அதுதான்.

செம்பருத்தி:
இந்த ஒரு புள்ளியில் நானும் கரிசல்காடு பக்கம்.

கிளிமூக்கு:
எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை நூலக வாசலில் மேசை போடுகிறார்களாம். பதிவு வேலைக்கு மட்டும் வருகிறேன், உறுப்பினர் ஆவதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கரிசல்காடு, நீங்களும் இந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள்? ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

கரிசல்காடு:
காபி யார் செலவு?