எல்லோருக்கும் இணையம்: தன்னார்வலர்களாக நீங்கள் கண்டதும் கற்றதும்

பகிர்வைத் தொடங்கியவர்:

வணக்கம். இணைப்பு எட்டாத வீடுகளுக்கும் பொது இடங்களுக்கும் வைஃபை கொண்டுசெல்லும் தன்னார்வலர் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கூரைமேல் ஏறுவதும் கேபிள் இழுப்பதும் என் பங்கு. இந்தப் பணியில் நாம் சந்தித்த மனிதர்களையும் சிக்கல்களையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் புதிதாக இறங்குவோருக்குப் பயன்படும் என்று எண்ணி இதைத் தொடங்குகிறேன்.

ஒரு பள்ளிக்கும் அங்கிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சமூகக் கூடத்துக்கும் இடையே 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைப்பு அமைத்தோம். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்ததால், பாதை திறந்திருக்கிறது என்று நம்பிவிட்டோம். நான்கு மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு காற்று வீசும்போதெல்லாம் வேகம் சரிந்தது. மழை நாள்களில் இணைப்பே அறுந்தது. ரவுட்டரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், சானலையும் மாற்றினோம். மூன்று வாரங்கள் இப்படி அலைந்த பிறகு, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா எங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டே, "நீங்கள் முதலில் வந்து ஏறியபோது அந்த மரத்தில் ஓர் இலைகூட இல்லையே, தம்பி" என்றார்.

காரணம் அதுதான். வானொலி அலை நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை. நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய நூற்கதிரைப் போன்ற ஒரு வெளி அதற்குத் தேவைப்படுகிறது. இந்தத் தொலைவிலும் அலைவரிசையிலும் நடுப்பகுதியில் அந்த வெளியின் ஆரம் ஏறத்தாழ 5 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது சுற்றிலும் 3 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். துளிர்த்த இலைகள் அந்த வெளிக்குள் புகுந்திருந்தன. அவை நனைந்துவிட்டால் அலையை இன்னும் அதிகமாக விழுங்கிவிடும். மரத்தை வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். அந்த நிழலில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதால் நாங்கள் இசையவில்லை. கம்பத்தை 4 மீட்டர் உயர்த்தினோம். அலைவரிசைக் கணக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அந்த இடத்தைத் தெரிந்தவர் அவர்தான். அன்று முதல், கம்பம் நடுவதற்கு முன்னால் அங்கேயே புழங்குகிற ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறோம்.

நூலகத்தில் உதவும் உறுப்பினர்:

நான் கூரை ஏறியவன் அல்லன். ஒரு பொது நூலகத்தில் வாரத்தில் இரண்டு மாலைகள் கணினிகளுக்கு அருகே அமர்ந்திருப்பதுதான் என் பணி. எட்டுக் கணினிகள், நல்ல வேகம், கட்டணம் இல்லை. ஆனாலும் தொடங்கி ஆறு மாதங்களாகியும் ஏற்கெனவே இணையம் அறிந்த இளைஞர்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

ஒரு பெரியவர் மூன்று நாள்கள் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான்காம் நாள் நானே எழுந்து சென்று, "ஐயா, உள்ளே வாருங்கள்" என்று அழைத்தேன். அவர் ஓய்வூதியத்துக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதை இனி இணையத்தில் மட்டுமே பெற்றுக்கொள்வோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். "நான் தொட்டு ஏதாவது கெட்டுப்போனால்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மவுஸை மேசையின் விளிம்புவரை நகர்த்திவிட்டு, அதற்கு மேல் இடமில்லாமல் அப்படியே நிறுத்திக்கொண்டார். அதைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதை ஒருமுறை செய்து காட்டியதும் அவர் தோள்கள் தளர்ந்ததைக் கண்டேன்.

அடுத்து வந்ததுதான் உண்மையான சுவர். படிவத்துக்கு மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலுக்குக் கைப்பேசி எண் வேண்டும். அவர் வைத்திருந்த எண்ணோ வேலைக்குப் போயிருந்த மகளுடையது. ஓடிபி மகளுக்குப் போகும்; அவர் அதைப் பார்த்துத் திரும்ப அழைத்துச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். இரண்டு முறை அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை, மகளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம்வரை காத்திருந்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். எல்லாம் முடிய 2 மணி 20 நிமிடங்கள் ஆயின. அச்செடுத்த ஒப்புகைச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையை வெளியிலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரர் இருவரைத் தாமே அழைத்து வந்தார். மவுஸை எப்படித் தூக்கி வைப்பது என்று அவர்களுக்கு அவரே காட்டிக் கொடுத்தார்.

எத்தனை கணினிகள், எத்தனை மெகாபிட் என்று கணக்கு எழுதுகிறோம். ஒருவர் அருகில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: அவசரத்தில் நாமே தட்டச்சு செய்துவிடத் தோன்றும், செய்யக் கூடாது. குறிப்பாகக் கடவுச்சொல்லை அவரே இட வேண்டும், அப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒருநாள், முந்தைய பயனர் வெளியேறாமல் விட்டுப்போன திரையில் அவருடைய மருத்துவ அறிக்கை திறந்தபடி இருந்தது. அதை மூடிய பிறகும் நெடுநேரம் மனம் அமைதி கொள்ளவில்லை. ஒருவர் எழுந்ததும் அவர் விட்டுச்சென்ற அனைத்தும் அழியும்படி எல்லாக் கணினிகளையும் அன்றிரவே மாற்றி அமைத்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

வீட்டு இணைப்பைப் பகிர்பவர்:

சுருக்கமாக ஓர் அனுபவம். எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் தத்தம் இணைப்பில் ஒரு பகுதியைப் பொதுவுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டபோது, வேகம் குறைந்துவிடும் என்று எவரும் மறுக்கவில்லை. "வேறொருவர் செய்யும் தவறுக்கு நாங்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டியிருக்கும்?" என்ற அச்சம்தான் எல்லோரையும் தடுத்தது. அதை நான் அற்பமாக எண்ணவில்லை. பெர்லினில் 2000களின் தொடக்கத்தில் உருவான ஃப்ரைஃபுங்க் என்ற திறந்த வைஃபை வலையமைப்பின் தன்னார்வலர்களும் பல்லாண்டுகள் இதே சிக்கலோடுதான் போராடினார்கள். திறந்த வைஃபை வழியாக மற்றவர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு இணைப்பின் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் நிலை ஜெர்மனியில் இருந்ததால், பொதுப் பயனர்களின் இணையப் போக்குவரத்தை விபிஎன் (வேறொரு சேவையகம் வழியாகச் செல்லும் மறைப்பு இணைப்பு) வழியாகத் திருப்பி அனுப்பி வந்தனர். 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்தச் சுமை பெரிதும் குறைந்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், நாங்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிவு பெற்றோம். பிறகு, வீட்டுக் கருவிகளை எட்ட முடியாதபடி விருந்தினர் வலையமைப்பைத் தனியாகப் பிரித்து, அதற்கு வேக வரம்பும் வைத்தோம். ஐந்தில் மூன்று வீடுகள் சம்மதித்தன. மற்ற இருவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

நின்றுபோன திட்டத்தில் பணியாற்றியவர்:

மேலே உள்ளவை வெற்றிகள். நான் எழுதப்போவது தோல்வியை. ஒரு நிறுவனம் நிதியும் கருவிகளும் தந்து 14 இடங்களில் வைஃபை அமைத்தது. திறப்பு விழா நடந்தது, பெயர்ப்பலகை வைத்தார்கள். எல்லா ரவுட்டர்களின் கடவுச்சொற்களும் அவர்கள் அனுப்பிய ஒரே ஒரு பொறியாளரிடம் இருந்தன. பதினோராம் மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த சில வாரங்களில் இரண்டு பெட்டிகளின் பேட்டரிகள் உப்பிப்போயின. நிறுவனத்துக்கு எழுதினோம், திட்டக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. கருவிகள் கண்ணெதிரே இருந்தும் உள்நுழைய வழியில்லாமல் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாலையில் பாடம் படிக்க அந்தக் கம்பத்தடியில் வந்து அமரும் பிள்ளைகள், இணைப்பு போன பிறகும் சில நாள்கள் அங்கே வந்து காத்திருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அதன்பின் மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். 1986இல் டாம் கிரண்ட்னர் ஒரு பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய கிளீவ்லாந்து ஃப்ரீநெட் என்ற அமெரிக்கக் கணினி வலைச்சேவை, தொலைபேசியும் மோடமும் கொண்ட எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருந்தது. அதன் வழியைப் பின்பற்றிப் பல ஊர்களில் ஃப்ரீநெட்டுகள் தோன்றின. இருந்தும் 1999இல் அது மூடப்பட்டது. 2004இல் கட்டலோனியாவின் கிராமப்புறத்தில் தொடங்கிய குய்ஃபி என்ற சமூக வலையமைப்பு இன்று 30,000க்கும் மேற்பட்ட முனைகளோடு (இணைப்புப் புள்ளிகளோடு) இயங்குகிறது. தம் செலவில் ஒரு முனையைச் சேர்ப்பவர், மற்றவர்களின் போக்குவரத்தையும் கடக்க விடுவேன் என்ற பொது உரிமத்தை ஏற்றுக்கொண்டு இணைகிறார். எனவே முழு வலையையும் அணைக்கக்கூடிய ஒற்றைக் கை அங்கே இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய பார்ன் (B4RN) என்ற கிராம இணையத் திட்டத்தில் நில உரிமையாளர்கள் வழிவிட, ஊரார் தாமே பள்ளம் தோண்டி ஒளியிழைக் கேபிளைப் புதைத்தார்கள். தான் தோண்டிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும் அல்லவா? எங்கள் திட்டத்தில் நாங்கள் தோண்டிய இடம் என்று எதுவுமே இல்லை.

இப்போது நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து மீண்டும் தொடங்கியிருக்கிறோம். பழைய ரவுட்டர்களை ரீசெட் செய்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றினோம். அதற்கும் பணியாத இரண்டை ஒதுக்கிவிட்டோம். கடவுச்சொற்களை எப்படிப் பாதுகாப்பது என்பதில்தான் இன்னும் தெளிவு வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு ஏற்போம்.

பகிர்வைத் தொடங்கியவர்:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் குழுவினருக்கும் அனுப்பினேன். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் உட்புறமும், நீர் புகாத உறைக்குள் ஒரு தாள் இருக்கும். கருவியின் பெயர், அதன் ஐபி முகவரி, ஆன்டெனா எந்தத் திசையை நோக்குகிறது, எந்த சானல், பேட்டரி மாற்றிய தேதி ஆகியவை அதில் இருக்கும், கடவுச்சொல் இருக்காது. கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில், ஒரே வீட்டைச் சேராத இருவரிடம் இருக்கும். அவர்களில் ஒருவராவது ரவுட்டர் வேலை அறியாதவராக இருப்பது நல்லது. வேலைக்காக வேறிடம் பெயர்ந்து போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வேலை தெரிந்தவர்கள்தாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை உறையைப் பிரித்து, அதில் உள்ளதைக் கொண்டு உள்நுழைய முடிகிறதா என்று சோதித்துவிட்டுப் புதிய உறையில் ஒட்டிவைக்கிறோம்.

மரத்தைப் பற்றி எழுதியபோது நேபாளத்தின் நங்கி கிராமம் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் மகாபீர் புன் அங்கே தன்னார்வலர்களோடு மலைகளைக் கடந்து இணைப்பைக் கொண்டுவந்தபோது, தொடக்கத்தில் கோபுரத்துக்கு வழியில்லாமல் உயர்ந்த மரத்திலேயே தொலைக்காட்சி டிஷ் ஆன்டெனாவைக் கட்டி அலையை மறுமுனைக்கு அனுப்பினார்கள். அப்பணிக்காக 2007இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எங்களுக்குத் தடையாக நின்ற மரம், அவர்களுக்குக் கோபுரமாக நின்றிருக்கிறது.

எங்கள் கூடத்தின் உறைகளில் ஒன்று, அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. மரம் துளிர்க்கத் தொடங்கினால் அவரே எங்களை அழைத்துச் சொல்லிவிடுகிறார்.